சின்ன மாப்பிள்ளையின் வண்டி

எனக்கும் என் சகலைக்கும் ஒரே மாதிரிக் கார். இரண்டுமே வெள்ளைக்காரத் துரைகள் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனவை. ஐம்பதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்தோம். வேப்பனப்பள்ளியில் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். நான் மூத்த மாப்பிள்ளை. ஆனால் எங்கே புறப்பட்டாலும் மாமனார் சின்ன மாப்பிள்ளையின் வண்டியில்தான் ஏறுவார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க மாப்ள, உங்க வண்டி மேட்டுல மூச்சு வாங்குது" என்பார்.

அது உண்மைதான். சூளகிரி ஏற்றத்தில் சகலையின் கார் கியர் மாற்றாமலே ஏறிப் போகும். அது கிளப்பிய புழுதியைத் தின்றுகொண்டு நான் பின்னால் உறுமுவேன். வயிறு எரியும். "தங்கச்சி வூட்டு வண்டி சத்தமே இல்லாம போவுது" என்று என் மனைவி சொன்னதற்காக ஒருநாள் முழுக்க அவளோடு பேசவில்லை.

சகலை எதையும் ஒளிக்கவில்லை. "பேரு தெரிஞ்ச கம்பெனி சாமான் தவிர வேற எதையும் இஞ்சின்ல வெக்க வுடமாட்டேண்ணே. கார்புரேட்டர், பிளக்கு எல்லாம் பெங்களூர் ஏஜெண்டுகிட்டதான்" என்பார். என் மெக்கானிக்கோ கிடைத்ததை அராவிப் பொருத்துகிறவர்.

அதே பிளக்கை வாங்க நானும் பெங்களூர் போனேன். ஏஜெண்டு கடை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். சகலை அங்கே பழைய வாடிக்கை. நான் அவரைப் பார்த்து வாங்குகிறேன் என்று அவர் காதில் விழுவதைவிட மேட்டில் வண்டியைத் தள்ளலாம். பக்கத்துச் சந்துக் கடையில், சகலையின் வண்டியில் பார்த்த அதே நீலப் பெட்டி, அதே எழுத்து இருந்தன.

"ஒரிஜினல் ஸ்வாமி, சீமை மாலு" என்றார் கடைக்காரர். நம்ப ஆசையாக இருந்தது, நம்பினேன்.

மாட்டியதும் வண்டி சீறிக்கொண்டு போனது. வேலை இல்லாவிட்டாலும் சகலை வீட்டு வழியாகவே ஓட்டினேன்.

மைத்துனனுக்குப் பெண் பார்க்கப் பாகலூருக்குப் புறப்பட்ட அன்று, "இன்னிக்கி என் வண்டியில வாங்க மாமா" என்று கதவைத் திறந்து பிடித்தேன். அவரும் ஏறினார். சூளகிரி ஏற்றத்தில் சகலையை முந்தினேன். கண்ணாடியில் அவர் கார் சிறுத்துக்கொண்டே போனது. என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பாதி மேட்டில் இஞ்சின் படபடவென்று வெடித்து நின்றுவிட்டது.

பின்னால் வந்த சகலை இறங்கி, பானெட்டைத் தூக்கிப் பிளக்குகளைக் கழற்றினார். இரண்டில் பீங்கான் பிளந்திருந்தது.

"ஏமாத்திட்டானுங்கண்ணே. இது அந்தக் கம்பெனி இல்ல, பேரு மட்டுந்தான்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். தன் டிக்கியிலிருந்த புதுப் பிளக்குகளை எடுத்து மாட்டினார். அதற்குள் மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சகலையின் காரில் போய் உட்கார்ந்துவிட்டார். சகலை கேலி செய்திருந்தால்கூடத் தேவலை. அன்று பாகலூர்வரை என் கார் அவர் பிளக்கில் அருமையாக ஓடியது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு அவரே என்னை ஏஜெண்டிடம் கூட்டிப்போனார். கார்புரேட்டரும் மாற்றினேன். என் வண்டியும் கியர் மாற்றாமல் மேடேறியது. அடுத்த மாங்காய்ப் பருவத்தில் அவர் புத்தம்புதுக் கார் வாங்கினார். மாமனார் அதில் முன்சீட்டில் உட்கார்ந்து மண்டிக்கு வந்தார்.

நல்ல வண்டிதான். அதைச் சகலையிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.