கடைசி பீரியட் வரைக்கும்

மாலையில் மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அவள் மூக்குக் கண்ணாடியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவேன். "ஆறாவது பீரியட் பாதியில போயிடுச்சு" என்பாள். சில நாள் ஐந்தாவதிலேயே போயிருக்கும். காபி சாப்பிடுகிறாயா, தலைவலி எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். வாயால் கேட்காமல் புருவத்தால் கேட்டதற்குக் காரணம் உண்டு. அந்த நேரத்தில் நான் என்ன சொன்னாலும் அவளுக்குப் போய்ச் சேராது.

அவள் குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ வேதியியல் ஆசிரியை. சில வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் காது போய்விட்டது. நரம்புக் கோளாறு என்றார்கள். காதில் மிஷின் வைத்துப் பார்த்தோம். சத்தம் பெரிதானதே தவிர, வார்த்தை பிரியவில்லை. மின்விசிறி ஓடுவதும் பிள்ளைகள் சந்தேகம் கேட்பதும் ஒரே இரைச்சலாக இருந்தது.

அப்புறம்தான் இந்தக் கண்ணாடி. எதிரிலோ பக்கத்திலோ இருப்பவர் பேசுவதைப் பையில் இருக்கும் செல்போன் எழுத்தாக்கி அனுப்பும். கண்ணாடியின் ஓரத்தில் அது பச்சை வரிகளாக ஓடும். அந்த எழுத்தைக் காட்டும் திரை, துவரம் பருப்பு அளவுதான் இருக்கும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத எல்.ஈ.டி.க்கள் லட்சக்கணக்கில். மைக்ரோ எல்.ஈ.டி. என்பார்கள். அந்தத் திரையை ஓட்டும் சர்க்யூட்டைச் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில், தாம்பரத்தில், நான் வேலை பார்க்கிறேன். சோதனைக்காகச் செய்த ஒரு கண்ணாடியை, அவளுடைய பவர் லென்ஸ் போட்டு, கேட்டு வாங்கி வந்தேன்.

பிரச்சினை பேட்டரி. கண்ணாடிக் காம்புக்குள் எவ்வளவு பெரிய பேட்டரி வைக்க முடியும்? மதியச் சாப்பாட்டு மணி அடித்துச் சற்று நேரத்தில் தீர்ந்துவிடும். கழற்றிச் சார்ஜ் போடலாம் என்றால், கண்ணாடி இல்லாமல் அவளுக்குக் கரும்பலகையே தெரியாது. ஆகவே மதியத்துக்கு மேல் அது வெறும் மூக்குக் கண்ணாடி. பள்ளிக்கூடம் முழுக்க இது தெரியும். டீ கொண்டுவரும் ஆயாம்மா கையை விரித்துக் காட்டிக்கொண்டே, "இன்னா மிஸ், படுத்துகிச்சா?" என்பாராம்.

ஆனால் பிளஸ் டூ வகுப்பு கடைசி பீரியடில் இருந்தது. பெற்றோர் யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள். ஹெச்.எம். கூப்பிட்டு, மரியாதையாகவே, தாளில் எழுதிக் காட்டினார்: அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு நூலகத்தைப் பார்த்துக்கொள்ளலாமே. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. "புக்குக்கு நம்பர் ஒட்டவாங்க நான் எம்.எஸ்ஸி. படிச்சேன்?" என்று மட்டும் கேட்டாள். கண்ணாடி கடைசி பீரியட் வரை எரிந்தால் வகுப்பு அவளுக்கு. இல்லாவிட்டால் நூலகம்.

இனி என் வேலையைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். மின்சாரத்தைக் குறைத்துக் கொடுத்தால் வெளிச்சமும் அதே அளவுக்குக் குறையும், செலவு மிச்சம் என்றுதான் யாருக்கும் தோன்றும். இத்தனை சிறிய எல்.ஈ.டி.யிடம் அந்த நியாயம் எடுபடாது. குறைவாகக் கொடுத்தால் பெரும்பங்கு அதன் ஓரங்களிலேயே வீணாகிச் சூடாகப் போய்விடும். அதற்குப் பிடித்த அளவைக் கொடுத்து, உடனே நிறுத்தி, மறுபடி கொடுக்க வேண்டும். படு வேகமாக இப்படி விட்டுவிட்டு எரிந்தால் கண்ணுக்கு அது மங்கலான நிலையான எழுத்தாகத் தெரியும். வேகம் குறைந்தால் எழுத்து துடிக்கும், தலை வலிக்கும். வேகம் கூடினால் அணைத்து ஏற்றும் சர்க்யூட்டே மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். இதற்கு நடுவில் ஓர் இடம் தேடித்தான் என் மாதங்கள் போயின. தேடியது நான், தலைவலி அவளுக்கு.

தமிழ் வேறு தன் பங்குக்குப் படுத்தியது. ஆங்கில எழுத்துக்கு நாலு கோடு போதும். நம் 'ணை'யையும் 'ஞூ'வையும் காட்ட எத்தனை சுழி, எத்தனை புள்ளி எரிய வேண்டும்! எழுத்துருவை ஒல்லியாக்கினேன், மூன்று வரியை இரண்டாக்கினேன். பக்கவாட்டில் கசியும் வெளிச்சத்தையும் மறித்துக் கண்ணுக்குள் திருப்பினோம். எதிரில் நிற்பவருக்குத் திரை எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்றே தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

இப்படி ஒவ்வொரு துளியாக மிச்சம் பிடித்துக் கொண்டுபோய் வைத்தால் மேனேஜர் அதை வாரி இறைப்பார். என்னைவிட வயதில் சிறியவர், கெட்டவர் இல்லை. "சூப்பர் சார். அந்த மிச்சத்தை பிரைட்னஸ்ல போட்டுடுங்க. கஸ்டமர் வெயில்ல நின்னு பார்ப்பான்" என்பார். பேட்டரி பழையபடி மதியத்திலேயே நிற்கும். வகுப்பறைக்குள் எங்கே சார் வெயில் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. கடைசியில் அவரும் அலுத்துப்போய், "உங்க வீட்டுக் கண்ணாடிக்கு மட்டும் எப்படி வேணும்னாலும் வெச்சுக்கோங்க சார்" என்றார். இத்தனை நாள் வேலை பார்த்ததற்கு ஒரே ஒரு கண்ணாடி. சண்டை போடத் தெம்பில்லை, தலையாட்டினேன்.

புது அமைப்பைப் போட்டுக்கொண்டு போன அன்று மாலை, நான் புருவத்தை உயர்த்தும் முன்பே சொன்னாள்: "கடைசி பெல் வரைக்கும் இருந்துச்சு." எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆனால் அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கண்ணாடிக்குச் சார்ஜ் ஏற்றிப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தபோதுதான் மெதுவாகச் சொன்னாள்.

மதியம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாளாம். தினமும் அவளோடு சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்ளும் டீச்சர், பக்கத்து நாற்காலியில் இருந்தபடியே, இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறார்: "பாவம் மிஸ், இவங்களுக்கு ஒண்ணும் புரியறதில்ல, சும்மா தலையாட்டுறாங்க. ஜனவரிலேருந்து இந்த கிளாஸ் எனக்குத்தான்னு ஹெச்.எம். சொல்லிட்டாங்க. நோட்ஸ்கூட எடுத்து வெச்சுட்டேன்." மதியத்துக்கு மேல் கண்ணாடி செத்துவிடும் என்பதுதான் அவர்களுக்கும் தெரியுமே. ஒரு எழுத்துப் பிசகாமல் எல்லாம் பச்சையாக ஓடியிருக்கிறது.

"காம்புல சுவிட்ச் இருக்கே, அணைச்சிருக்கலாமே" என்றேன்.

"தெரியும். கை போகல" என்றாள்.

எனக்கு அந்தத் திரையின் மேலேயே வெறுப்பு வந்தது. மதியத்தோடு அணைந்து தொலைந்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

அவள் அந்த டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் நேரே ஹெச்.எம். அறைக்குப் போய், கடைசி பீரியடுக்கு வந்து பின்பெஞ்சில் உட்காருங்கள் என்று கூப்பிட்டாள். அவரும் வந்தார். பிள்ளைகள் எழுந்து எழுந்து சந்தேகம் கேட்டார்கள், அவள் நின்ற இடத்திலிருந்தே பதில் சொன்னாள். வகுப்பு முடிந்ததும் ஹெச்.எம். தாளைத் தேடாமல் வாயாலேயே சொன்னாராம், "பப்ளிக் எக்ஸாம் வரைக்கும் நீங்களே எடுங்க மிஸ்." நூலகப் பேச்சு அதோடு போயிற்று. அன்று ராத்திரி அவள் தூங்கிய தூக்கத்தைப் பார்த்து நானும் நன்றாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு ஒரு விசித்திரம். மாலையில் கண்ணாடியை வாங்கிப் பார்த்தால், நான் போட்ட கணக்கைவிட நிறைய சார்ஜ் மிச்சம் இருந்தது. ஒருநாள் இல்லை, தினமும். பேட்டரியைச் சந்தேகப்பட்டேன், அளக்கும் கருவியைச் சந்தேகப்பட்டேன். நம் கைவண்ணம்தான் நினைத்ததைவிடப் பலித்துவிட்டது என்று உள்ளூர ஒரு பூரிப்பும் உண்டு. மேனேஜரிடம் காட்டிப் பேர் வாங்கலாம் என்று, கண்ணாடி என் கையில் இருந்ததால், அவளிடம் தாளில் எழுதிக் கேட்டேன்: "மதியத்துல ஏதாவது அணைச்சு வெக்கிறியா?"

"இல்லையே. ஆன்லதான் இருக்கு" என்றாள். "கடைசி பெல் வரைக்கும் எரியுதுன்னு தெரிஞ்சதுலேருந்து ஸ்டாஃப் ரூம்ல என் பக்கத்துல யாரும் பேசறதில்ல. நான் உள்ள போனா எழுந்து வராண்டாவுக்குப் போயிடறாங்க. காட்டறதுக்கு ஒண்ணும் இல்லன்னா அது எரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். எழுத்து இல்லாத இடத்தில் இந்தத் திரைக்குச் செலவே கிடையாது. இதைவிடச் சிக்கனமாக எந்த சர்க்யூட்டாலும் எரிக்க முடியாது.

அவள் கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கி மாட்டிக்கொண்டாள். "இன்னும் எவ்வளவோ சார்ஜ் இருக்குங்க. நீங்களாவது ஏதாவது பேசுங்க."

நாள் முழுக்க உழைத்து நாக்கே புரளாத அலுப்பு எனக்கு. இருந்தாலும் பல்லாவரத்தில் பஸ் நின்றுபோனதையும், பொழிச்சலூர் வரைக்கும் ஷேர் ஆட்டோவில் ஒரு அம்மா மடியில் பூசணிக்காயை வைத்துக்கொண்டு வந்ததையும் சொன்னேன். அவள் கண்கள் ஓரமாக வரி வரியாக ஓடின. "அப்புறம்?" என்றாள்.