அரை மில்லி ஆட்டம்

மரம் செதுக்கும் கம்ப்யூட்டர் மிசினை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று முதலில் சொன்னது என் மனைவிதான். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் அவள் டிசைனர். புஸ்வாணம், சங்குசக்கரப் பெட்டிகளுக்கு லேபிள் வரைவாள். நான் வேறொரு அச்சகத்தில் ஆப்செட் மிசின் பழுது பார்ப்பவன். தீபாவளி முடிந்து சீசன் ஓய்ந்துவிட்டால் அவளுக்கு வேலை மந்தமாகிவிடும். அப்படி ஒரு நாளில் செல்போனில் வீடியோ ஒன்றைக் காட்டினாள். பலகையின் மேல் ஒரு மிசின் தானாக நகர்ந்து பூ செதுக்கிக்கொண்டிருந்தது.

"கம்பெனி மிசினெல்லாம் நம்மளால வாங்க முடியாது. இவரு வீட்டுலயே செஞ்சிருக்காரு பாருங்க. வரையிறது எம் பொறுப்பு, மிசினு உங்க பொறுப்பு. பேர்ப்பலகை, படத்துக்குச் சட்டம்னு செஞ்சு குடுக்கலாம்ல?"

அப்போது அவளுக்கு நாலாம் மாதம். குழந்தை பிறந்தபின் வெளியே போகாமல் வீட்டிலிருந்தே வேலை செய்ய வேண்டும் என்பது அவள் திட்டம்.

பழைய ஜெராக்ஸ் மிசின்களை உடைத்து விற்கும் கடையில் மோட்டார்கள் கிடைத்தன. கம்ப்யூட்டர் சொன்ன அளவுக்கு மட்டும் சுற்றி நிற்கிற மோட்டார்கள் அவை. பாழான பிரிண்டர்களிலிருந்து வழுவழுப்பான கம்பிகளை எடுத்தேன். சட்டத்துக்கு ப்ளைவுட். செதுக்குவதற்கு ஆசாரிகள் கையில் பிடித்து ஓரம் இழைக்கிற சின்ன டிரிம்மர். கண்ட்ரோல் போர்டு மட்டும் ஆன்லைனில் வந்தது. சமையலறைக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமில் எல்லாவற்றையும் பொருத்தினேன். அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, எந்த ஒயர் எங்கே போகும் என்று படித்துச் சொல்வாள்.

முதல் சோதனைக்கு டிரிம்மருக்குப் பதில் ஒரு பேனாவைக் கட்டினோம். அவள் ஒரு வட்டம் வரைந்து அனுப்பினாள். மிசின் முனகிக்கொண்டே நகர்ந்து ஒரு முட்டையைப் போட்டது.

"ஏங்க, வட்டம் போடச் சொன்னா உங்க கோழி முட்டயில்ல போடுது!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

குறை, பேனாவை நகர்த்துகிற திருகுக் கம்பியில் இருந்தது. மோட்டார் திசை மாறித் திரும்பும்போது கம்பிக்கும் நட்டுக்கும் இடையே கொஞ்சம் ஆட்டம். அளந்து பார்த்தேன், அரை மில்லிமீட்டர்.

எட்டாம் மாதத்தில் ஒரு காலை, நான் அச்சகத்தில் இருந்தபோது போன் செய்தாள். "இன்னிக்கு அசையவே இல்லங்க" என்றாள். குரலில் பதற்றம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டியிருந்தது. பெண் குழந்தை. பச்சைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். அதற்குள் விருதுநகரிலிருந்து என் மாமியார் வந்திருந்தார்.

"மாப்பிள்ள, அவ கண்ணுல காட்டாதீக. மொகத்தப் பாத்துட்டான்னா தாங்கமாட்டா. முழிக்கிறதுக்குள்ள கொண்டு போயிருங்க."

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவ்வளவு சின்னப் பெட்டி கடையில் இல்லை. வீட்டில் மிசினுக்கு வாங்கியதில் மீந்த ப்ளைவுட் இருந்தது. கைரம்பத்தால் அறுத்து நானே ஒரு பெட்டி செய்தேன். கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் குழி வெட்டியிருந்தார்கள். போதகர் சுருக்கமாக ஜெபித்தார். திரும்பி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவள் விழித்திருந்தாள். என் கைகளையே பார்த்தாள். நகக்கண்ணில் மரத்தூள் இருந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன்பிறகு நான் செய்தது ஒன்றுதான். வேலை விட்டு வந்ததும் காபியைக் குடித்துவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்விடுவேன். அந்த அரை மில்லியைப் போக்கக் கம்பியை மாற்றினேன். இரண்டு நட்டுகளுக்கு நடுவே ஸ்பிரிங் வைத்தேன். அச்சகத்திலிருந்து அளவுக் கருவியை இரவல் வாங்கி வந்து சட்டத்தின் மூலைகளைச் சரிபார்த்தேன். அவளுக்காகத்தான் செய்கிறேன், மிசின் ஓட ஆரம்பித்தால் அவள் மனம் மாறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். சாப்பிட்டாயா என்று கேட்பேன். ம் என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அஞ்சு மாதம் கழித்து மிசின் வேப்பம்பலகையில் ஒரு வட்டத்தை அறுத்துத் தந்தது. எந்தப் பக்கம் வைத்து அளந்தாலும் ஒரே அளவு. அதை எடுத்துக்கொண்டு அவளிடம் ஓடினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆட்டம் எம்புட்டு இருந்துச்சு?"

"அரை மில்லி."

"அந்த அரை மில்லிக்கு அஞ்சு மாசம் உக்காந்திருக்கீக. எங்கிட்ட ஒரு அஞ்சு நிமிசம் உக்காந்தீகளா?"

வட்டத்தைப் படுக்கையில் வைத்தாள்.

"அவ மொகத்த நீங்க பாத்தீகல்ல? நான் பாக்கல. எப்படி இருந்தான்னு ஒரு வார்த்த சொன்னீகளா?"

"சொன்னா நீ அழுவியேன்னுதான்..."

"அழாமயா இருந்தேன்? மிசின் சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது."

இரண்டு நாளில் விருதுநகருக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பத்து நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அங்கேயே ஒரு அழைப்பிதழ்க் கடையில் டிசைன் வேலைக்குச் சேர்ந்தாள். நான் மிசினில் ஒரு டீச்சர் வீட்டுக்குப் பேர்ப்பலகை செய்து கொடுத்தேன். எழுத்துகளை நானே போட்டதால் ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றன. அதன்பின் ஓட்டவில்லை.

மூன்று மாதம் போனபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் பஸ் ஏறினேன். மாமியார் கடைக்குப் போயிருந்தார். அவள் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலை நிறைய முடி இருந்தது. உதடு அவளுடையது மாதிரியே இருந்தது. விரல் நகங்கள் வளர்ந்திருந்தன. பெட்டியை எதில் செய்தேன் என்பதையும் சொன்னேன். புருவம் இருந்ததா, கை மூடியிருந்ததா, கனமாக இருந்தாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன். சேர்ந்து அழுதது அன்றுதான்.

"வீட்டுக்கு வாறியா?" என்று கேட்டேன்.

"இல்லங்க."

"அந்த மிசினப் பிரிச்சுப் போட்டுருதேன்."

"மிசினு என்ன செஞ்சுச்சு? அத ஏன் பிரிக்கணும்?" என்றாள். "அங்க ஆளு இருந்தும் தனியாத்தான் கெடந்தேன். இங்கன தனியா இருக்கிறது எனக்குக் கஷ்டமா இல்ல."

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். டீ போட்டுத் தருகிறாள். சில வாரம் எதுவும் கேட்பதில்லை. சில வாரம், "இன்னொரு தடவ சொல்லுங்க" என்பாள். சொல்வேன்.

போன வாரம் சொல்லிக்கொண்டு வரும்போது, "இடது காது லேசா மடிஞ்சிருந்துச்சு" என்றேன்.

"வலது காது" என்றாள்.

"இடதுதான்னு நெனக்கேன்."

"அன்னிக்கு வலதுன்னுதான் சொன்னீக. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

கண்ணை மூடிப் பார்த்தேன். பச்சைத் துணி வந்தது. கையில் அந்தக் கனம் வந்தது. காது வரவில்லை.

"வலதுதான்" என்றாள் அவள்.