சிவப்பு வரி

சாமியப்பன் அண்ணனுக்குப் பார்வை போனது சாயப்பட்டறையில். பன்னிரண்டு வருடம் துணிக்கு நிறம் ஏற்றியவரின் கண்ணில் ஒருநாள் காஸ்டிக் தண்ணீர் தெறித்தது. அப்புறம் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, வேலம்பாளையத்தில் எங்கள் பனியன் கம்பெனிக்குப் பேக்கிங் லிஸ்ட் அடிக்க வந்தார். திரையில் இருப்பதை ஒரு குரல் ஹெட்போனில் படித்துச் சொல்லும், அவர் அடிப்பார். ஐந்து வருடத்தில் ஒரு பெட்டிகூட மாறியதில்லை.

2008இல் முதலாளி விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடச் சொன்னார். பேக்கிங் புரோகிராமை அதற்கு மாற்றி எழுதியவன் நான். லினக்ஸிலும் படித்துச் சொல்லும் குரல் உண்டு. ஆனால் என் பட்டன்களில் வெறும் படம்தான் இருந்தது. குரல் "பட்டன், பட்டன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பத்து நாள் அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்தேன். முடித்ததும் எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் அவர் அடித்த லிஸ்ட்டில் நாற்பது பெட்டிக்கு சைஸ் தவறாக இருந்தது. லாரியில் ஏற்றும்போதுதான் தெரிந்தது. மேனேஜர் செங்கோட்டையன் வந்து நின்றார்.

"கண்ணு தெரியாதவரை வெச்சா இப்படித்தானுங்க ஆகும். நாளையிலிருந்து வர வேண்டாமுங்க."

அண்ணன் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "தம்பி, தப்பு என்னுதுங்களா?"

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஆர்டரில் இல்லாத சைஸை அடித்தால் பழைய புரோகிராம் 'பீப்' என்று கத்தும். புதியதில் அந்த வரி சிவப்பாக மாறும்படி மட்டும் எழுதியிருந்தேன். நிறத்தை வைத்தே பிழைக்கிற ஊர்க்காரனுக்கு வேறென்ன தோன்றும்? இருந்தும் வாயைத் திறக்கவில்லை. கோழை. அவர் ஹெட்போனைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள், தவறைக் குரலும் சொல்லும்படி புரோகிராமைத் திருத்திவிட்டு, "தப்பு என்னுதுங்க" என்று மேனேஜரிடம் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவரைத் திரும்பக் கூப்பிட மேனேஜர் ஒப்புக்கொண்டதும் அண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிக் கூட்டிவந்தேன்.

அவர் ஹெட்போனை மாட்டி, வேண்டுமென்றே ஒரு சைஸைத் தவறாக அடித்தார். 'எரர், ரெட்' என்றது குரல்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை.

"எந்தச் செவப்புங்க தம்பி?"

"செவப்புதானுங்ணா."

"செவப்புலயே பதினாலு சேடு போட்டிருக்கறனுங்க. தக்காளியா, செங்கல்லா, மாதுளையா?"

அன்றுதான் அந்த வரியை நான் உற்றுப் பார்த்தேன். "மாதுளைங்ணா."

"நல்ல நெறமுங்க" என்றார். பிறகு அந்தத் தவறை அழித்துவிட்டு அடுத்த பெட்டியை அடிக்கத் தொடங்கினார்.