டப்டப் அக்காவும் பாதிப் பலகையும்

விசைப்பலகையைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் மூன்று தட்டு. நிமிர்த்தி, மேல் வரிசையில் ஓர் ஊதல். வயரை இடப்பக்கமாக வளைத்து, துணி காயப்போடும் கிளிப் ஒன்றால் மேசை விளிம்போடு சேர்த்துக் கவ்வ வைப்பார். அந்த வளைவு விரலளவு மாறினாலும் பலகை மூச்சை நிறுத்திவிடும். கடைசியாக, வலது சுண்டுவிரலால் பூஜ்ஜிய விசையைப் பத்து முறை அழுத்தித் திரையில் எண்ணிப் பார்ப்பார். பத்து வந்தால் நல்ல நாள். பதினொன்று வந்தால் வாய்க்குள் ஒரு முணுமுணுப்பு: "வந்துட்டியா? காலையிலேயேவா?"

மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், ரிப்போர்ட் அறையில், டப்டப் அக்காவின் நாள் இப்படித்தான் தொடங்கும். டாக்டர்கள் ஒலிப்பதிவுக் கருவியில் பேசிவைத்துவிட்டுப் போவார்கள். அதைக் காதில் வாங்கி, வீட்டுக்குப் போகும் நோயாளிகளின் கையில் கொடுக்கவேண்டிய காகிதமாக ஆக்குவது அக்காவின் வேலை. என்ன நோய், என்ன செய்தோம், வீட்டில் எந்த மாத்திரை, எவ்வளவு. பதினோரு வருடங்களாக இதேதான். பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அந்த மாடியில் இல்லை. அவர் வேகமெடுத்தால் எழும் சத்தத்தில், வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள் கூட, "அக்கா வந்தாச்சு" என்பார்கள்.

சத்தத்துக்குக் காரணம் அந்தப் பலகை. வழக்கமான விசைப்பலகையில் பாதிதான் இருக்கும். எண்களுக்குத் தனிக் கட்டம் கிடையாது, அம்புக்குறிகள் கிடையாது. ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனி ஸ்பிரிங். புதிதாகப் பார்க்கிறவர்கள், "மீதியை எலி தின்னுடுச்சா அக்கா?" என்று கேட்காமல் போகமாட்டார்கள்.

"எலி இல்ல, எங்க வீட்டுக்காரர். ரெண்டு வருஷமா வீட்டுலதானே இருக்காரு, பசிச்சிருக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடியதும், மகள் இன்னும் படிப்பை முடிக்காததும், அந்த வீடு அக்காவின் இரண்டு மணிக்கட்டுகளின் மேல் நிற்பதும் அறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த மணிக்கட்டுகளோ ஐந்து வருடங்களுக்கு முன்பே மக்கர் செய்யத் தொடங்கிவிட்டன. ஆபீஸ் பலகையில் அடித்தால் மதியத்துக்குள் விரல்கள் மரத்துப்போகும், கரண்டி பிடிக்க முடியாது. எலும்பு டாக்டர், அறுத்தால் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். அந்தச் சமயத்தில்தான் பழைய சாமான் கடை ஒன்றில் இந்தப் பலகை கிடைத்தது. கை விரியவே வேண்டாம், அழுத்தவும் வேண்டாம்.

"ஆபீஸ் கீபோர்டுல அடிக்கிறது சேத்துல நடக்கிற மாதிரி. இதைத் தொட்டா போதும், புரிஞ்சுக்கும்" என்பார் அக்கா.

"தொடலைன்னாலும் புரிஞ்சுக்குமே!" என்பாள் எதிர்மேசையில் இருந்த சரிபார்க்கும் பெண்.

உண்மைதான். பூஜ்ஜிய விசைக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஒன்று கேட்டால், மனசு வந்தால், இரண்டாகக் கொடுக்கும். ரிப்பேர்க்காரர் திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "ஏற்கெனவே ரெண்டு தடவை ஈயத்தால சூடு வெச்சு ஒட்டியாச்சு. மூணாவது தடவை வெச்சா உள்ள இருக்கிற அட்டையே பொசுங்கிடும். ஓடுற வரைக்கும் ஓட்டுங்க." இந்த அளவில் இப்போது செய்வதும் இல்லையாம். அக்கா ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, ஊதி, திட்டி, கொஞ்சி ஓட்டினார். மகள் அதற்கு வைத்த பெயர் "மூத்த பிள்ளை". மேலாளர் மட்டும் ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டார்: சொந்தப் பொறுப்பில் பயன்படுத்துகிறேன். பூஜ்ஜியத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

சரிபார்க்கும் பெண் அக்காவைவிடப் பதினைந்து வயது இளையவள். இருவருக்கும் இடையில் ஒரு முறை இருந்தது, "எண் கூப்பிடுறது" என்பார்கள். ஒவ்வொரு ரிப்போர்ட் முடிந்ததும் திரையில் இருக்கும் எண்களை அவள் உரக்கப் படிப்பாள். டாக்டர் பேசியதைக் காதால் கேட்டவர் அக்கா, அதனால் "சரி" என்பார். ஐந்து? சரி. இருபது? சரி. சந்தையில் ஏலம் போடுவது போல ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. பூஜ்ஜியத்தின் சேட்டை எல்லாம் அங்கே பிடிபட்டுவிடும். "அக்கா, உங்க மூத்தவன் வேலையைக் காட்டிட்டான்" என்பாள் அவள். இருவரும் சிரித்துத் திருத்துவார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் பதினொன்று வந்தது. மூன்று டாக்டர்கள் விடுப்பு முடிந்து வந்திருந்தார்கள், நாற்பத்துமூன்று ரிப்போர்ட்டுகள் வரிசையில் நின்றன. அதில் ஒன்று, கால் எரிச்சலுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒரு வயதான தையல்காரருடையது. இரவு படுக்கும் முன் ஒரு மாத்திரை, அளவு பத்து மில்லிகிராம். காகிதத்தில் நூறு என்று போனது. மருந்துக்கடையில் இரண்டு அளவும் இருந்தன, காகிதத்தில் கண்டதை எடுத்துக் கொடுத்தார்கள். எழுதியிருந்ததைத் தையல்காரரின் மகள் இம்மியும் பிசகாமல் செய்திருக்கிறாள், தினமும் நேரம் தவறாமல், தன் கையாலேயே. மூன்று இரவுகள். நான்காவது நாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

செய்தி இரண்டாவது மாடிக்கு வந்துசேரப் பத்து நாள் ஆயிற்று. அக்கா அன்றே பலகையின் வயரைப் பிடுங்கி, இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆபீஸ் பலகையில் இரண்டு நாள் அடித்தார். முதல் நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க எதிர்மேசைக்காரியின் உதவி வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் மேலாளர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, பாதிகூட முடியலையே? முடியலைன்னா சொல்லிடுங்க, வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார். மூன்றாம் நாள் காலையில் துணி கிளிப் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

விசாரணை கண்ணாடி அறையில் நடந்தது. பதிவை ஓடவிட்டார்கள். டாக்டரின் குரல் தெளிவாகப் பத்து என்றது. அவர் அன்று மாலை இருபது காகிதங்களில் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டிருந்தார், இனி கவனமாக இருக்கும்படி அவரைக் கேட்டுக்கொண்டார்கள். மருத்துவமனையின் விதிப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது: அடிக்கிறவர் கை தவறலாம், அதைப் பிடிக்கத்தான் சரிபார்ப்பவர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எதிர்மேசைப் பெண்ணை அந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள். அக்காவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்.

பலகையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அக்கா இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டால் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். நாற்பது நிமிடங்கள். சொல்லாமலே எழுந்து வந்தார். பயம்தான், அதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் கிடையாது.

கடைசி நாள் எதிர்மேசைப் பெண் தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு குவளை, ஒரு சால்வை, நாற்காலியில் போட்டுக்கொள்ளும் சின்ன மெத்தை. அறையில் வேறு யாரும் இல்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"அன்னிக்கு நான் நூறுன்னு கூப்பிட்டேன். நீங்க சரின்னீங்க. ஞாபகம் இருக்கா?"

அக்காவுக்கு ஞாபகம் இல்லை. அன்று ஒரு காதில் அடுத்த ரிப்போர்ட் ஓடத் தொடங்கியிருக்கும். வாய் மட்டும் சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கும். ஆனால் அவள் சொன்னதும், அப்படித்தான் நடந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது. 

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள் அவள். "நூறு ஜாஸ்தியா இருக்கேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. நீங்க சரின்னதும் விட்டுட்டேன். பதினோரு வருஷ சர்வீஸ், உங்களுக்குத் தெரியாததான்னு."

"அங்க ஏன்டி சொல்லலை?"

"சொன்னா என்னை வெச்சுக்குவாங்களா? ரெண்டு பேரையும் சேத்து அனுப்பியிருப்பாங்க." மெத்தையை மடக்கிப் பைக்குள் திணித்தாள், அது உள்ளே போக மறுத்தது. "நீங்க ஏன்க்கா சொல்லலை?"

"கேக்கலையே."

சொல்லும்போதே அந்தச் சொல் அக்காவுக்கே அருவருப்பாக இருந்தது. அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேசையருகே வந்து, அந்தப் பாதிப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னிக்குக் காலையில எத்தனை வந்துச்சு?"

"பதினொண்ணு."

அவள் தலையை ஆட்டினாள். கதவு தானாக மூடிக்கொள்ளும் வகை, அவள் போன பிறகும் மெதுவாக மூடிக்கொண்டிருந்தது.

வரிசையில் இன்னும் பதினெட்டு ரிப்போர்ட்டுகள் இருந்தன. புதிய ஆள் திங்கட்கிழமைதான் வருவார், அதுவரை அக்காவே அடித்து அக்காவே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. அக்கா ஹெட்ஃபோனை எடுத்தார், மாட்டாமல் கீழே வைத்தார். கைப்பையிலிருந்து நகம் ராவும் சின்ன அரத்தை எடுத்து, பூஜ்ஜிய விசையின் மூடிக்கு அடியில் செருகி நெம்பினார். மூடி துள்ளி விழுந்தது. அதன் கீழே, கூட்டல் குறி போன்ற ஒரு பிளாஸ்டிக் தண்டு, நான்கு விளிம்பும் கூராக, வெறுமையாக நின்றது. மூடியைக் குப்பைக் கூடையில் போட்டார்.

பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அடிக்கத் தொடங்கினார். முதல் பூஜ்ஜியம் நான்காவது வரியில் வந்தது. அக்கா நிறுத்தி, சுண்டுவிரல் நுனியை அந்தத் தண்டின் மேல் வைத்து, அழுத்தினார். இந்த விசைக்குத் தொட்டால் போதும். அவரோ விரல் வலித்து வெளுக்கும் அளவுக்கு அழுத்தினார்.