பார்க்காத ஊருக்கு அனுப்பி வைத்தேன்

பர்மாவில், யாங்கூனில் பல்கலைக்கழகங்கள் மூடிக்கிடந்த காலம். நகரை ஒட்டிய இன்சீனில் எங்கள் பக்கத்து வீட்டு நேபாளி பால்காரர், மகள் சரிதாவை இந்தியாவில் படிக்க வைக்க நினைத்தார்.

“டார்ஜிலிங்கா, சென்னையா? நீங்க சொல்லுங்க தங்கச்சி” என்றார்.

டார்ஜிலிங்கில் அவர்கள் பாஷை பேசுகிறவர்கள் நிறைய. இருந்தும், “சென்னைக்கே அனுப்புங்கண்ணே. எங்க சனங்க ஊரு, நல்லாப் பார்த்துக்குவாங்க” என்றேன். பர்மாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி நான்; சென்னையைச் சினிமாவில் பார்த்ததோடு சரி.

ஐந்தே மாதத்தில் சரிதா மஞ்சள் காமாலையோடு எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாள். உயிர் பிழைத்தாள்; படிப்பு அத்தோடு நின்றுபோனது.

“உடம்பு சரியில்லைன்னு விடுதியில யார்கிட்டயும் சொல்லலையாம்மா?” என்று கேட்டேன்.

“எந்தப் பாஷையில சொல்றது ஆன்ட்டி?” என்றாள்.

அவள் அப்பா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. இப்போதெல்லாம் யார் வந்து கேட்டாலும், “நான் பார்த்ததில்லை, அங்கே படிச்சவங்களைக் கேளுங்க” என்று சொல்லிவிடுகிறேன்.