பனியில் இழுத்துப் போன தோசை மாவு

1996-ஆம் வருடத் தொடக்கம். நியூ ஜெர்சியில் நெவார்க் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான் மின்பொறியியலில் எம்.எஸ். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் பனி வழக்கத்தைவிட அதிகம். ஜனவரியில் கொட்டியது கரைவதற்குள் பிப்ரவரியில் மறுபடி கொட்டியது.

குளிரைப் பற்றி ஊரில் எனக்கு யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. முதல் வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, சென்னையில் செய்வது போலவே தலைக்குக் குளித்துவிட்டு, ஈரப் பின்னலோடு வகுப்புக்கு ஓடினேன். பஸ் நிறுத்தம் போவதற்குள் பின்னல் குச்சி மாதிரி விறைத்துவிட்டது. தொட்டால் சலசலக்கிறது. முடி ஒடிந்துவிடுமோ என்று பயந்து, வகுப்பு முழுவதும் தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் அடுத்த வருடம் ஜூனியர்கள் வந்து இறங்கியபோது, ஒரு தாளில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி நகல் எடுத்துக் கொடுத்தேன். ஒரே தடிமன் ஸ்வெட்டரைவிட மெல்லியதாக மூன்று உடுப்பு மேல். காதை மூடு. பருத்திக் காலுறை வேண்டாம். காலை வெயிலில் மின்னும் நடைபாதையை நம்பாதே. இப்படிப் போகும் அந்தத் தாள். எல்லாரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள்.

அந்த ஜூனியர்களில் ஒருத்தி பொள்ளாச்சிப் பக்கம். எங்கள் கட்டடத்திலேயே தரைத் தளத்தில் ஒற்றை அறை. நல்ல படிப்பாளி, வேதியியல் ஆய்வக வகுப்பில் இளநிலை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் உதவியாளர் வேலையும் கிடைத்திருந்தது. அந்த வேலையை நம்பித்தான் அவள் படிப்பே. ஜனவரிக் கடைசியில் கல்லூரி திறந்த முதல் வாரம், பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் உறைந்து கிடந்த தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை. முழங்கையும் இடுப்பும் நீலம் பாரித்துவிட்டன. வலி சில நாளில் போனது, பயம் போகவில்லை. அன்றிலிருந்து அவள் வாசற்படி இறங்கவில்லை.

அறைக்குள்ளேயே இருக்க அவளுக்கு ஒரு வசதியும் இருந்தது. எங்களுடையது பழைய செங்கல் கட்டடம். அடித்தளத்தில் ஒரு பெரிய கொதிகலன், அதிலிருந்து நீராவி குழாய் வழியாக ஒவ்வொரு அறையிலும் இருக்கும் இரும்பு ரேடியேட்டருக்கு வரும். மூன்றாவது மாடியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அதற்கு உயிர் போய்விடும். நாங்கள் வீட்டுக்குள்ளும் குல்லாய் போட்டுக்கொண்டு படிப்போம். அவள் அறையோ கொதிகலனுக்கு நேர் மேலே. போதாததற்கு ரேடியேட்டர் திருகு கெட்டுப்போய் மூடவே மூடாது. வெளியே எல்லாம் உறைந்து கிடக்க, அவள் உள்ளே பருத்திச் சுடிதாரில் மின்விசிறி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"இந்த ரூம் ஒண்ணுதானுங்க்கா எங்க ஊரு மாதிரி இருக்குது," என்பாள்.

நான் கோட்டு கொடுத்துப் பார்த்தேன். அடியில் பல் வைத்த காலணி வாங்கிவந்தேன். ஒரு நாள் கையைக் கோத்துப் பிடித்து வாசல் வரை அழைத்துப் போனேன். கதவைத் திறந்ததும் அவள் கை என் கைக்குள் இறுகியது. "என்னால ஆகாதுங்க்கா," என்று சொல்லித் திரும்பிவிட்டாள். நான் என்ன சொன்னாலும் "சரிங்க்கா, செய்யறனுங்க்கா" என்பாள். அவ்வளவு மரியாதையாகச் சொல்பவளிடம் கோபப்படவும் முடியாது.

ஆய்வகத்துக்கு அவள் வராததைப் பேராசிரியர் கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு, வரும் திங்கள் முதல் வரவில்லையென்றால் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். அன்றே அவள் அப்பாவிடம் பேசி, ஊருக்குத் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டாள். இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பவர் ஒரு இடம் பிடித்து வைத்திருந்தார். சனிக்கிழமைக்குள் உறுதி சொல்ல வேண்டும்.

இதற்கு நடுவில் எங்கள் வீட்டில் வேறொரு பிரச்சினை. மாவு பொங்கவில்லை. இரண்டு நாள் வைத்தாலும் அரைத்த மாதிரியே வெள்ளையாக, சலனமில்லாமல் கிடக்கும். இட்லி ஊற்றினால் எறிந்து விளையாடலாம். என் அறைத்தோழி கம்பளி போர்த்திப் பார்த்தாள். "அதுக்கு எங்க சூடு இருக்கு? எனக்கே இல்ல," என்று கம்பளியைத் திரும்பவும் எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்குத் தரைத் தள ரேடியேட்டர் ஞாபகம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்யும் எண்ணமெல்லாம் அப்போது எனக்கு இல்லை. எங்களுக்கு இட்லி வேண்டும், அவ்வளவுதான்.

அன்று ராத்திரி மாவுப் பாத்திரத்தை அவள் ரேடியேட்டர் ஓரம் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை போனால், மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. அவள் முகத்தில் சின்னதாக ஒரு கண்டிப்பு.

"மிக்ஸிய நிறுத்தாம ஓட்டினீங்களாக்கா? உளுந்து சூடாயிருந்துச்சு. அடுத்த தடவை ஐஸ் தண்ணி ஊத்தி அரைங்க. அப்புறம் இவ்வளவு சின்னப் பாத்திரத்துல குடுக்காதீங்க. ராத்திரி எந்திரிச்சு நான் கலக்கி விட்டேன்."

விஷயம் பரவியது. எங்கள் தெருவில் இருந்த தமிழ் மாணவர்கள் அத்தனை பேருடைய பாத்திரங்களும் அவள் அறைக்கு வர ஆரம்பித்தன. யாருடைய மாவை ரேடியேட்டருக்கு ஒட்டி வைப்பது, யாருடையதைத் தள்ளி வைப்பது என்பதெல்லாம் அவள் முடிவு. "உங்களுது நாளைக்கு வாங்க, இன்னும் ஆகல," என்று சீனியர்களையே திருப்பி அனுப்புவாள். அறைக்கு ஆட்கள் வந்துபோனார்கள். ஆனால் அவள் வெளியே வரவில்லை. டிக்கெட் யோசனையும் மாறவில்லை.

அது ரமலான் நோன்பு மாதம். எதிர்வரிசையில் நாலு வீடு தள்ளி கீழக்கரைக்காரர் ஒருவர் இரண்டு நண்பர்களோடு இருந்தார். பகலெல்லாம் பட்டினியிருந்து வகுப்பு, நூலகம், பிறகு சூரியன் மறையும் நேரத்துக்கு ஓடிவந்து நோன்பு திறப்பது. அவர் மாவும் ரேடியேட்டர் ஓரம்தான்.

அந்த வெள்ளிக்கிழமை மறுபடி பனி கொட்டியது. கல்லூரிக்கு விடுமுறை விட்டார்கள். நான் காலையிலேயே ஆய்வகத்துக்குப் போயிருந்தேன், ஓடிக்கொண்டிருந்த சோதனையைப் பாதியில் விட முடியாது. மாலை நான்கு மணி இருக்கும். கீழக்கரைக்காரர் ஆய்வகத்துக்குப் போன் செய்தார். படியில் பனியைத் தள்ளும்போது கால் பிசகிவிட்டதாம், நண்பர்கள் இருவரும் நியூயார்க்கில் ரயில் இல்லாமல் மாட்டிக்கொண்டார்களாம்.

"கஞ்சி காய்ச்சிட்டேன், அது போதும். அந்த மாவுதான் வீணாப் போயிடும். நீங்க வரும்போது எடுத்து ஃப்ரிட்ஜுல வச்சிடுங்கக்கா," என்றார்.

நான் பொள்ளாச்சிப் பெண்ணுக்குப் போன் செய்து சொன்னேன். என் வேலை முடிய நேரமாகும் என்றேன். அவளைப் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஃப்ரிட்ஜுல இடமில்லீங்க்கா. இன்னைக்கு விட்டா புளிச்சுப் போயிரும்," என்றாள். பாத்திர மூடியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. "அவங்க காலையில இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க இல்லீங்களா?" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எப்படியோ முடித்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டை அடையும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. அவள் அறைக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. நான் வாங்கிக் கொடுத்த காலணி வாசலில் இல்லை.

வெளியே வந்து பார்த்தேன். படியிலிருந்து தெருவரை புதுப் பனியில் காலடித் தடங்கள். குழந்தை நடந்தது போல மிகச் சின்ன எட்டுகள். பக்கத்திலேயே பட்டையாக ஏதோ இழுத்துப் போன தடம். அதைப் பார்த்துக்கொண்டே போனேன். தெருவைக் கடந்ததும் ஓரிடத்தில் பனி ஆள் அளவுக்குக் குழிந்து கிடந்தது. கை ஊன்றிய அடையாளம்கூடத் தெரிந்தது. இரண்டாவது தடவை விழுந்திருக்கிறாள், இனி இவளை யாராலும் இந்த ஊரில் வைத்திருக்க முடியாது என்று நினைத்தேன். ஆனால் குழிக்கு அப்பாலும் அதே சின்ன எட்டுகள், அதே பட்டைத் தடம்.

கீழக்கரைக்காரர் வீட்டுக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே ஸ்மோக் அலாரம் அலறிக்கொண்டிருந்தது. அவர் கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு, செய்தித்தாளால் அலாரத்தைப் பார்த்து விசிறிக்கொண்டிருந்தார். அடுப்படியில் அவள், தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் ஓவனுக்குள் வைக்கும் பெரிய தகரத் தட்டு ஒன்று, அதன் கைப்பிடியில் அவளுடைய துப்பட்டா முடிந்திருந்தது. மாவுப் பாத்திரத்தை அதில் வைத்து இழுத்து வந்திருக்கிறாள்.

"விழுந்துட்டியா?" என்றேன்.

"ஒருக்கா விழுந்தனுங்க்கா. மாவு விழல."

"அடி?"

"இல்லீங்க்கா. அன்னைக்கு விழுந்தது ஐஸு, கல்லு மாதிரி. இது புதுசு, பஞ்சு மாதிரி இருக்குது. விழுந்து கொஞ்ச நேரம் அப்படியே படுத்துட்டுத்தான் எந்திரிச்சேன்."

"நான் ஜன்னல்ல பார்த்துட்டு இருந்தேன். கையைக் குடுக்கலாம்னா எனக்குக் கால் இல்ல," என்றார் அவர். "எழுந்து முதல்ல பாத்திரத்தைத் திறந்து பார்க்கிறாங்க. அப்புறம்தான் தலையில இருக்கிற பனியைத் தட்டுறாங்க."

நேரம் ஆனதும் அவர் பேரீச்சம்பழம் வாயில் போட்டு நோன்பு திறந்தார். எங்களுக்குக் கொடுத்தனுப்ப வழக்கம்போலக் கறி போடாமல் தனியாக எடுத்துவைத்த கஞ்சியை நாங்களும் குடித்தோம். தோசை, சுடச்சுட. அவள் வார்க்க வார்க்க நாங்கள் சாப்பிட்டோம். பிறகு அவள் சாப்பிட நான் வார்த்தேன். என் தோசைகள் வட்டமாக வரவில்லை என்று இருவரும் சேர்ந்து கேலி செய்தார்கள்.

திரும்பும் வழியில் தெருக்கோடிப் பூங்காவின் சரிவில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அட்டையிலும் குப்பைத்தொட்டி மூடியிலும் உட்கார்ந்து வழுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் நின்று பார்த்தாள். கையிலிருந்த தகரத் தட்டைப் பார்த்தாள். நான் எதுவும் சொல்வதற்கு முன் மேலே ஏறிப் போய் உட்கார்ந்துவிட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தவள், கீழே வந்து நின்றதும் திறந்து, "அக்கா, நீங்களும் வாங்க," என்றாள். நான் போனேன். பாதி வழியில் தட்டு தனியாகப் போனது, நான் தனியாகப் போனேன். அந்தப் பிள்ளைகள் எனக்குக் கை தட்டினார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. அவள் அப்பாவிடம் பேசும்போது நான் பக்கத்தில் இருந்தேன். "டிக்கெட் வேண்டாங்ப்பா. இங்க ஏழெட்டுப் பேரு மாவு என்கிட்ட இருக்குது, போட்டுட்டு வர முடியாது," என்றாள். மறுமுனையில் அவருக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை. திங்கட்கிழமை ஆய்வகத்துக்குப் போனாள். பயம் முழுசாகப் போய்விடவில்லை, மார்ச் வரை அதே சின்ன எட்டுகள்தான். ஆனால் போனாள். மாலையில் தட்டை இழுத்துக்கொண்டு தெருவில் மாவு கொடுத்துவிட்டு வருவதைப் பார்த்து, கடைக்கார அமெரிக்கர் ஒருவர் என்ன விற்கிறாய் என்று கேட்டிருக்கிறார்.

அவள் படிப்பை முடித்து இப்போது டெக்சாஸில் வேலை பார்க்கிறாள். அங்கே பனியே விழுவதில்லை என்று என்னிடம் குறைப்படுகிறாள். நான் நியூ ஜெர்சியிலேயே பார்சிப்பனி என்ற ஊரில் இருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் மாணவர்கள் சிலர் வீட்டுக்கு வருவார்கள். டிசம்பரில் யாராவது அறைக்குள் முடங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டால், போய் அறிவுரை சொல்வதில்லை. எனக்கு ஒரு வேலை ஆக வேண்டும், நீ வந்து செய்து கொடுப்பாயா என்று கேட்கிறேன். எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் தனக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டால், எவ்வளவு குளிரிலும் கால் தானாகப் படி இறங்கும் என்பதை அந்தப் பனித் தடங்களைப் பின்தொடர்ந்து போன மாலையில்தான் நான் கற்றுக்கொண்டேன்.