ஜில்லும் தேவியும்

காதலித்தவனைக் கழற்றிவிடுவதற்கு இங்கிலீஷில் 'ஜில்ட்' என்பார்களே, அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது தெரியுமா உங்களுக்கு? நேற்று டீக்கடையில் இங்கிலீஷ் பேப்பரில் வடை மடித்துக் கொடுத்தார்கள். எண்ணெய்க்கு நடுவே 'ஜில்டட் லவர்' என்று ஒரு தலைப்பு. வடை ஆறிப்போனது. எனக்கு ஒயர் டேப் வாசனை வந்துவிட்டது.

பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கார் ஒயருக்கு டேப் சுற்றிய காலம் அது. செல்போனில் கேமரா இருந்தாலே கூட்டம் கூடும். ரூம் படப்பையில். ரூம்மேட் இசக்கி, சங்கரன்கோவில்காரன். என்னை 'இங்கிலீசு' என்றுதான் கூப்பிடுவான். படிப்புக்கு எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை.

அவனும் எங்கள் லைனில் இருந்த மணிமங்கலத்துத் தேவியும் காதலித்தார்கள். கேன்டீனில் அவள் அப்பளம் அவன் தட்டுக்குப் போய்விடும்.

கம்பெனியில் இரண்டு பேட்ச். ஒன்று காலை ஷிஃப்ட் என்றால் மற்றது மதியம், திங்கட்கிழமை மாறிக்கொள்ளும். வேறு வேறு பேட்ச்சில் இருந்தால் மூஞ்சியைப் பார்க்கவே முடியாது. ஒருநாள் தேவி சொல்லாமல் கொள்ளாமல் அடுத்த பேட்ச்சுக்குப் போய்விட்டாள். சூப்பர்வைசர் சதி என்று நினைத்த இசக்கி, அவரிடமே கெஞ்சி, தானும் அங்கே மாறினான். திங்கட்கிழமை போய் நின்றால் தேவி இல்லை. திரும்ப எங்கள் பேட்ச்சுக்கே வந்திருந்தாள்.

"இன்னா தேவி இது?"

"வூட்ல பேசி முடிச்சிட்டாங்கண்ணா. அவர் மூஞ்சியப் பாத்துக்கினு என்னால சொல்ல முடியாது. நீங்களே சொல்லிடுங்க." கை டேப் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, துணி துவைக்கும்போது சொன்னேன். சட்டையைப் பிழிந்தான், பிழிந்தான், பிழிந்துகொண்டே இருந்தான்.

"ஏல இங்கிலீசு, இதுக்கு ஒம் பாசையில என்ன சொல்லுவாவ?"

டிக்‌ஷனரியை எடுத்து வந்தேன். அந்த நேரத்திலும் வாத்தியார் வேலை!

"ஜில்ட். ஜில்னு ஒரு பொண்ணு பேரு மாப்ள. அதுலேர்ந்து ஆசை காட்டி ஏமாத்துற பொண்ணுங்களச் சொல்ற வார்த்தை ஆச்சு, அப்புறம் கழட்டிவிடுறதுக்கே வந்துடுச்சுன்னு நெனைக்கிறாங்க."

"எவளோ ஒருத்தி பேர நாறடிச்சு வச்சிருக்கானுவ. அவ வீட்ல என்ன நடந்துச்சுன்னு எவனாச்சும் கேட்டானா? மூடி வைல அத."

"எங்க பேட்ச்சுக்கே வந்துடேன்டா."

"நான் வந்தா அவ மறுபடி மாறணும்லா. இருக்கட்டும்."

மதியம் இரண்டு ஷிஃப்டுக்கும் நடுவே அரை மணி நேரம். வேலை முடிந்து போகிற பஸ்ஸும் வேலைக்கு வருகிற பஸ்ஸும் செரப்பணஞ்சேரிக்கிட்ட எதிரெதிரே கடக்கும். இசக்கி எங்கள் பஸ் தெரிகிற பக்க ஜன்னலைப் பிடித்து உட்கார்ந்திருப்பான். தேவியும் ஜன்னலோரம்தான், எனக்கு முன்சீட்டில். பஸ் அங்கே நெருங்கும்போது ஷட்டரை இறக்கிவிடுவாள்.

"ஒரு தடவ பாரேன்" என்றேன், மனசு கேட்காமல்.

"பாத்தா நாளைக்கும் பாக்கத் தோணும்ணா."

கல்யாணத்துக்கு முன்னாலேயே வேலையை விட்டாள். இனி வரமாட்டாள் என்று இசக்கியிடம் சொல்லியும் அவன் சீட் மாறவில்லை. கான்ட்ராக்ட் முடிந்து அவன் ஊருக்குப் போகும்வரை எதிர் பஸ் ஜன்னலில் அவனைப் பார்த்தேன். கை காட்டுவேன். அவன் கண் எனக்கு முன்சீட்டில் இருக்கும்.

இப்போது அந்த ரோட்டுக்கு நடுவில் ஆளுயரத்துக்கு அரளிச்செடி. எதிரே வருகிற பஸ் தெரிவதில்லை.